கட்டுமானப் பொறியியலில் முதுநிலை: எந்தப் பல்கலைக்கழகம்?

கேள்வி சுருக்கமாக இது: சிவில் முடித்துவிட்டு இரண்டு வருடமாக ஒரு கான்ட்ராக்டரிடம் சைட் இன்ஜினியராக இருக்கிறீர்கள். கட்டுமானப் பொறியியலில் முதுநிலை படிக்க ஆசை. தரவரிசைப் பட்டியலைப் பார்த்து ஒரு டஜன் பல்கலைக்கழகப் பெயர்களை எழுதி வைத்திருக்கிறீர்கள். அதில் எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியவில்லை.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பட்டியலைக் கொஞ்ச நாளைக்கு ஓரமாக வையுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரைவிட இரண்டு விஷயங்கள் முக்கியம். இந்தப் படிப்பை அங்கே எந்தத் துறை நடத்துகிறது என்பது ஒன்று. நடந்துகொண்டிருக்கும் நிஜமான திட்டங்களுக்குள் போய்வர அந்தத் துறைக்கு வழி இருக்கிறதா என்பது இன்னொன்று. இரண்டையும் வீட்டில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்துவிடலாம். பெரும்பாலானவர்கள் அதைச் செய்வதில்லை, அவ்வளவுதான்.

தரவரிசை இங்கே ஏன் உதவாது என்றால், க்யூஎஸ் போன்ற பிரபலமான பட்டியல்களில் கட்டுமானப் பொறியியலுக்கென்று தனிப் பிரிவே கிடையாது. 'சிவில் மற்றும் ஸ்ட்ரக்சுரல்' என்ற ஒரே தலைப்பின் கீழ் நிலநடுக்கம், மண் பொறியியல், நீர்வளம், போக்குவரத்து எல்லாம் சேர்ந்துவிடுகின்றன. அதிலும் மதிப்பெண்ணின் பெரும்பகுதி, கல்வியாளர்களிடமும் வேலை கொடுப்பவர்களிடமும் எடுக்கும் கருத்துக்கணிப்பிலிருந்து வருகிறது. மிச்சத்தில் பெரும்பாலும் ஆய்வுக் கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பது போன்ற கணக்குதான். ஆகவே மிக உயரத்தில் இருக்கும் ஒரு சிவில் துறையில், கட்டுமானப் பிரிவுக்கு இரண்டே பேராசிரியர்கள் இருக்கலாம். நீங்கள் போய்ச் சேர்வது அந்த இரண்டு பேரிடம்தான். மொத்தத் துறையின் புகழால் உங்களுக்குப் பெரிய லாபமில்லை.

அடுத்து, துறை. கட்டுமானம் என்ற பாடம் பல்கலைக்கழகத்துக்குள் ஒரே வாசல் வழியாக நுழையவில்லை. சில இடங்களில் அது சிவில் துறையின் ஒரு கிளை. சில இடங்களில் கட்டடக்கலைக் கல்லூரியின் பக்கம் இருக்கும். இன்னும் சில இடங்களில் பொதுவான திட்ட மேலாண்மைப் படிப்பு ஒன்றின் மீது 'கட்டுமானம்' என்று ஒட்டியிருப்பார்கள். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் இதை ஒரே வளாகத்திலேயே பார்க்கலாம். கட்டடக்கலைக் கல்லூரியின் கீழ் கட்டுமான அறிவியலுக்கு ஒரு துறை. அதைத் தவிர சிவில் துறைக்குள் கட்டுமானப் பொறியியலுக்கு வேறொரு குழு. லண்டன் யு.சி.எல்.லில் பார்ட்லெட் பள்ளிக்குள் கட்டுமானம் இருக்கிறது, சிவில் துறை தனியாக இருக்கிறது. பென் ஸ்டேட்டில் கட்டுமானம் இருப்பது கட்டடப் பொறியியல் துறையில். ஒரே பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லும் இரண்டு பேர், இரண்டு வேறு படிப்புகளைப் படித்தவர்களாக இருக்கக்கூடும். அதனால் யாராவது 'அந்த யுனிவர்சிட்டி சூப்பர்' என்றால், எந்தத் துறை என்று கேட்காமல் விடாதீர்கள்.

பொதுவாகச் சொன்னால், சிவில் துறையிலிருந்து வரும் படிப்பில் செய்முறைகள், இயந்திரங்கள், தற்காலிகக் கட்டமைப்புகள், சிமுலேஷன், பொருட்கள் ஆகியவை தூக்கலாக இருக்கும். கட்டடக்கலை, கட்டடச்சூழல் பள்ளிகளில் செலவு, கொள்முதல், ஒப்பந்தம், சட்டம் தூக்கலாக இருக்கும். மூன்றாவது வகையில் தலைமைப் பண்பு, உத்தி, நிறுவன நிர்வாகம் என்று போகும். மூன்றாவது வகையை உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு வருட அனுபவத்தில் யாரும் உங்களை நிறுவன உத்தி வகுக்க விடப்போவதில்லை. அந்தப் படிப்பு பத்து வருடம் கழித்துப் படித்தால்தான் ஒட்டும்.

படிப்பின் தலைப்பை நம்பவே வேண்டாம். கட்டாயப் பாடங்களின் பட்டியலைத் திறந்து பாருங்கள். விருப்பப் பாடங்களின் பட்டியல் எப்போதும் நீளமாகத்தான் இருக்கும். அதில் பாதி அந்த வருடம் நடக்காது. கட்டாயப் பாடம்தான் துறையின் நிஜமான முகம். உதாரணத்துக்குத் 'திட்டமிடலும் அட்டவணையும்' என்ற பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் செமஸ்டர் முழுக்கப் பிரைமவேரா என்ற அட்டவணை மென்பொருளில் எந்த பட்டனை எப்போது அழுத்துவது என்று போகும். அதைப் படிக்கக் கடல் கடந்து போகத் தேவையில்லை. இன்னோரிடத்தில், திட்டத்தின் மொத்தக் காலத்தைத் தீர்மானிக்கும் வேலைத் தொடரை, அதாவது கிரிட்டிக்கல் பாத்தை, கையால் போடுவதில் ஆரம்பித்து, ஆட்களும் கிரேனும் போதாதபோது அட்டவணை எப்படி வளைகிறது, ஒரே மாதிரித் தளங்கள் அடுக்கடுக்காக வரும்போது ஒவ்வொரு குழுவும் தளம் தளமாக நகர்வதைக் கோடாக வரையும் லைன் ஆஃப் பேலன்ஸ் முறை ஏன் எளிது, வேலை தாமதமான பிறகு யார் பக்கத் தாமதம் என்று எப்படிப் பிரிப்பது என்று கொண்டுபோவார்கள். பாடவிவரத்தில் முந்தைய வருட அசைன்மென்ட் கிடைத்தால் அதைப் பாருங்கள். 'இந்த அட்டவணையை மென்பொருளில் உள்ளிடுக' என்பதற்கும், 'நிலத்தை ஒப்படைப்பதில் ஆறு வாரத் தாமதம். கான்ட்ராக்டருக்கு எத்தனை வாரக் கூடுதல் அவகாசம் சேரும், காரணத்தோடு எழுதுக' என்பதற்கும் உள்ள தூரம்தான் இரண்டு படிப்புகளுக்கும் உள்ள தூரம்.

(இடையில் ஒன்று. இன்று எல்லா மென்பொருளும் பயன்படுத்துகிற, கட்டத்துக்குள் வேலையை எழுதி அம்புக்குறியால் இணைக்கிற முறைக்கு அடிப்படை போட்டவர்களில் ஒருவர் ஸ்டான்ஃபோர்டின் ஜான் ஃபோன்டால். 1961-ல் கணினி இல்லாமல் கிரிட்டிக்கல் பாத் போடுவது எப்படி என்று கட்டுமானத்துறைக்காகவே ஓர் அறிக்கை எழுதினார். நல்ல துறைகள் இப்படித்தான் சைட்டுக்குப் பயன்படுகிற ஒன்றை விட்டுப்போயிருக்கும்.)

சரி, எந்தத் துறை உங்களுக்கு? முதுநிலை முடித்து நான்கைந்து வருடத்தில் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. 'ப்ராஜெக்ட் மேனேஜர்' என்று சொல்லாதீர்கள், எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். அதற்கு முன்னால் வரும் நாற்காலியைச் சொல்லுங்கள்.

வேலையை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் மெத்தட்ஸ் பக்கம் பிடிக்குமென்றால், அதாவது டவர் கிரேன் எங்கே நிற்க வேண்டும், ஷட்டரிங் எத்தனை செட் வேண்டும், சுரங்கம் ஒரு நாளைக்கு எத்தனை மீட்டர் நகரும் என்பது போன்ற கேள்விகள் பிடிக்குமென்றால், சிவில் துறையோடு ஒட்டிய படிப்பைத் தேடுங்கள். கட்டுமானச் செயல்பாடுகளைக் கணினியில் சிமுலேஷன் செய்து பார்க்கும் மரபு 1970-களில் டேனியல் ஹால்பினின் சைக்ளோன் முறையோடு வேர்விட்டது. அவர் பிறகு பர்டூவில் இந்தப் பிரிவை வழிநடத்தினார். அதே மரபில் இன்று கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் வலுவாக நிற்கிறது. சிமான் அபுரிஸ்க் குழுவினர் உருவாக்கிய சிம்ஃபனி என்ற கருவி, எட்மன்டன் நகரத்தின் கழிவுநீர்ச் சுரங்கப் பணிகளிலேயே சோதிக்கப்பட்டது. தொழிற்சாலையில் செய்து சைட்டில் பொருத்தும் மாட்யூலர் கட்டுமானத்திலும் அங்கே நல்ல வேலை நடக்கிறது. பொதுவான தரவரிசையை மட்டும் பார்ப்பவர் இந்தப் பெயரைத் தாண்டிப் போயிருப்பார்.

திட்டமிடல், கட்டுப்பாடு என்றால் இரண்டு மரபுகளைச் சொல்லலாம். ஒன்று ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம். அங்கே 1983-ல் தொடங்கிய கன்ஸ்ட்ரக்‌ஷன் இண்டஸ்ட்ரி இன்ஸ்டிட்யூட்டில் பெரிய உரிமையாளர் நிறுவனங்களும் கான்ட்ராக்டர்களும் உறுப்பினர்கள். திட்டம் தொடங்குமுன் அதன் வரையறை எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று மதிப்பெண் போடும் பி.டி.ஆர்.ஐ. முறை அங்கிருந்து வந்ததுதான். எண்ணெய் எரிவாயு, மின்நிலையம், தொழிற்சாலை போன்ற திட்டங்களில் அதைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். இன்னொன்று, வீணாகும் நேரத்தையும் பொருளையும் குறைக்கப் பார்க்கும் லீன் மரபு. லாரி கோஸ்கெலா 1992-ல் ஸ்டான்ஃபோர்டில் இருந்தபோது எழுதிய அறிக்கை அதற்கு விதை. 1993-ல் ஃபின்லாந்தில் முதல் சர்வதேச லீன் கட்டுமானக் கூட்டம் நடந்தது. வேலையை நேரடியாக நடத்துபவர்களே வாரத் திட்டத்தைப் போடும்படி கிளென் பல்லார்ட் உருவாக்கிய லாஸ்ட் பிளானர் முறையும், ஐரிஸ் டாம்மெலைன் நடத்தும் ஆய்வகமும் பெர்க்லியோடு சேர்ந்தவை. இந்த வாரம் முடிப்பதாகச் சொன்ன வேலைகளில் எத்தனை நிஜமாக முடிந்தன என்று எண்ணிப் பார்த்தபோது, ஏறக்குறைய பாதிதான் என்று தெரிந்ததிலிருந்து கிளம்பிய சிந்தனை இது. சைட்டில் இரண்டு வருடம் இருந்தவருக்கு அந்த எண் ஆச்சரியம் தராது. அந்தக் கூட்டங்களின் கட்டுரைகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. விண்ணப்பிக்கும் முன் இரண்டு மூன்றைப் படித்துப் பார்த்தால், இது உங்களுக்குப் பிடித்த உலகமா என்று தெரிந்துவிடும்.

பில்லிங், ஒப்பந்தம், கிளெய்ம் (கூடுதல் பணமோ அவகாசமோ கேட்கும் கோரிக்கை) பக்கம் ஈர்ப்பு இருந்தால் பிரிட்டிஷ் மரபு வலுவானது. ரெடிங், யு.சி.எல்., லஃப்பரோ, சால்ஃபர்ட் போன்ற இடங்களில் கட்டுமானப் பொருளாதாரமும் கொள்முதலும் ஆழமாக வேரூன்றியவை. ஒப்பந்தச் சட்டத்துக்குள்ளேயே இறங்க வேண்டுமென்றால் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் கட்டுமானச் சட்ட மையம் 1987 முதல் இருக்கிறது. அங்கே வழக்கறிஞர்களும் பொறியாளர்களும் ஒரே வகுப்பில் உட்காருவார்கள். ஆனால் அதை உங்கள் முதல் முதுநிலையாக எடுக்க வேண்டாம் என்பேன். சைட் டைரியும் கடிதப் போக்குவரத்தும் நிஜத்தில் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் அடிபட்ட பிறகு போனால் பலன் பல மடங்கு. ஒரு பாடத்திட்டம் இந்தப் பக்கம் எவ்வளவு நிகழ்காலத்தில் இருக்கிறது என்று அறிய எளிய சோதனை: சர்வதேசத் திட்டங்களில் பயன்படும் ஃபிடிக் மாதிரி ஒப்பந்தத்தின் 2017 பதிப்பையும், பிரிட்டனின் கட்டுமானச் சட்டச் சங்கம் அதே 2017-ல் திருத்தி வெளியிட்ட தாமத நெறிமுறையையும் வகுப்பில் எடுக்கிறார்களா? 1999 ஃபிடிக் இன்னும் நிறையத் திட்டங்களில் ஓடுகிறது, அதையும் சொல்லித்தரத்தான் வேண்டும். அதோடு நின்றுவிட்டால்தான் யோசிக்க வேண்டும்.

டிஜிட்டல் பக்கம் இன்று எல்லாரும் ஓடுகிறார்கள், அதனால் இங்கேதான் எச்சரிக்கை அதிகம் தேவை. 1988-ல் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய சைஃப் மையம், கட்டடத்தின் கணினி மாடலை வரைபடமாகப் பார்க்காமல் திட்டத்தை முன்கூட்டியே கட்டிப்பார்க்கும் கருவியாகப் பார்த்தது. அப்படிப்பட்ட மாடலை வைத்துச் செய்யும் பிம் வேலையைத் திட்டத்தில் எப்படிப் பிரித்துக்கொள்வது என்ற வழிகாட்டியைப் பென் ஸ்டேட் குழு தயாரித்தது. பல நிறுவனங்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. ரோபோ, முப்பரிமாண அச்சு என்றால் சூரிக் இ.டி.ஹெச்.சும் ஐன்ட்ஹோவனும் நினைவுக்கு வரும்; ஐன்ட்ஹோவன் குழுவின் அச்சிட்ட கான்கிரீட் சைக்கிள் பாலம் 2017-ல் நெதர்லாந்தின் கெமெர்ட்டில் திறக்கப்பட்டது. இவையெல்லாம் ஆராய்ச்சியோடு சேர்ந்தவை. இந்தப் புகழைப் பார்த்து, பல கல்லூரிகள் ரெவிட், நேவிஸ்வொர்க்ஸ் போன்ற மாடலிங் மென்பொருள் பயிற்சியையே முதுநிலை என்று விற்கின்றன. மாடலிங் சில மாதத்தில் கற்கக்கூடிய கைவேலை. தகவலை யார் எப்போது யாருக்கு எந்த நிலையில் தர வேண்டும் என்பதுதான் கஷ்டமான பகுதி. 2018-ல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 19650 தரநிலை பேசுவதும் அதைத்தான். பாடவிவரத்தில் மென்பொருள் பெயர்கள் மட்டுமே இருந்தால் கடந்து போங்கள்.

பொருட்கள் பக்கம் போக விரும்புபவர்களுக்கு இது வேறு உலகம். சேர்க்கையில் பொறுக்கி எடுக்க வேண்டியது ஆய்வகத்தைத்தான், படிப்பை அல்ல. கார்பன் குறைந்த எல்.சி.3 சிமென்டில் லோசானின் இ.பி.எஃப்.எல்.லோடு சேர்ந்து சென்னை, டெல்லி, மும்பை ஐ.ஐ.டி.களும் கியூபாவின் லாஸ் வில்லாஸ் பல்கலைக்கழகமும் செய்த வேலை இதற்கு நல்ல உதாரணம். பணக்கார நாட்டில்தான் நல்ல ஆய்வு நடக்கும் என்பதற்கு அது ஒரு பதிலும்கூட.

இப்போது நான் மிக முக்கியமாக நினைக்கும் சோதனைக்கு வருகிறேன். நீங்கள் பார்க்கும் துறையின் கடந்த சில வருட முதுநிலை ஆய்வேடுகளின் தலைப்புகளைத் தேடி எடுங்கள். பெரும்பாலான பல்கலைக்கழக நூலகங்கள் இவற்றை இணையத்தில் வைத்திருக்கின்றன. இரண்டு மூன்றைத் திறந்து, தரவு எங்கிருந்து வந்தது என்ற பகுதியை மட்டும் படியுங்கள்.

கட்டுமான மேலாண்மையில் ஓர் அலுத்துப்போன வடிவம் உண்டு. 'இன்ன நாட்டில் திட்டத் தாமதத்துக்கான காரணங்கள்' என்று தலைப்பு. பழைய கட்டுரைகளிலிருந்து நாற்பது ஐம்பது காரணங்களைப் பொறுக்கி ஒரு கேள்வித்தாள். தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் வாங்கி, ஒப்பீட்டு முக்கியத்துவக் குறியீடு கணக்கிட்டு, பணப்பட்டுவாடா தாமதம் முதலிடம், முடிவெடுப்பதில் தாமதம் இரண்டாமிடம் என்று ஒரு தரவரிசை. கடைசி அத்தியாயத்தில் 'உரிமையாளர் உரிய நேரத்தில் பணம் தர வேண்டும்' என்று பரிந்துரை. இதை எந்த ஃபோர்மேனும் டீ குடிக்கும் நேரத்தில் சொல்லிவிடுவார். ஒரு துறையின் ஆய்வேடுகளில் பெரும்பாலானவை இந்த வகையென்றால், அங்கே மாணவர்களுக்குச் சைட் கதவு திறக்கவில்லை, திட்டத் தரவு கிடைக்கவில்லை என்று அர்த்தம். கேள்வித்தாள் அனுப்ப அனுமதி எதுவும் தேவையில்லை பாருங்கள்.

இதே தாமதத்தைப் பற்றி வேறு விதமாகவும் ஆய்வேடு எழுதுவார்கள். ஓர் உயரமான கட்டடத்தில் அடுத்தடுத்த தளங்களின் ஸ்லாப் சுழற்சியை எடுத்துக்கொள்வார்கள். ஷட்டரிங் கழற்றியது எப்போது, மேலே ஏற்றியது எப்போது, கம்பி கட்டியவர்கள் எலக்ட்ரிக்கல் குழாய்க்காக எத்தனை மணி நேரம் நின்றார்கள், கிரேன் அந்த நேரத்தில் யாருக்காக ஓடிக்கொண்டிருந்தது என்று நாள்வாரியாகக் குறித்திருப்பார்கள். பின்னிணைப்பில் சைட்டின் தினசரி அறிக்கைகள் இருக்கும். நிறுவனத்தின் பெயரை மறைத்திருப்பார்கள், ஆனால் தரவு நிஜம். முடிவு சின்னதாகத்தான் இருக்கும்: குழாய் பதிக்கும் ஆட்களை அரை நாள் முன்னால் அனுப்பினால் சுழற்சியில் ஒரு நாள் மிச்சம் என்பது போல. அப்படி ஒரு நாள் மிச்சம் பிடித்தவரை எந்த கான்ட்ராக்டரும் வேலைக்கு எடுப்பார். இந்த வகை ஆய்வேடுகள் உள்ள துறையைத் தேடுங்கள், பெயர் கேள்விப்படாததாக இருந்தாலும்.

பாடம் நடத்துபவர்களையும் பாருங்கள். எஸ்டிமேட்டிங், ஒப்பந்தம், தற்காலிகக் கட்டமைப்பு ஆகிய பாடங்களை வெளியே வேலை செய்துகொண்டே மாலையில் வந்து எடுப்பவர்கள் இருந்தால் நல்லது. அவர்களிடம் கட்டுரை வெளியீடுகள் இருக்காது, தரவரிசையில் அவர்களுக்கு மதிப்பும் இல்லை, ஆனால் போன மாதம் தோற்ற டெண்டரைப் பற்றி வகுப்பில் பேசுவார்கள். அதே சமயம் முழுநேரப் பேராசிரியர்கள் மிகக் குறைவாக, எல்லாப் பாடத்தையும் வெளியாட்களே எடுக்கிறார்கள் என்றால் அதுவும் சரியில்லை. ஆய்வேட்டுக்கு வழிகாட்ட ஆள் இருக்காது. பெரிய பெயருள்ள பேராசிரியரைப் பார்த்துப் போகிறீர்கள் என்றால், அவர் ஓய்வுக்கு நெருங்கியவரா, விடுப்பில் போகிறாரா, முதுநிலை மாணவர்களை எடுக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள். ஒரு வரி மின்னஞ்சல் போதும்.

படிப்பின் நீளத்தையும் கவனியுங்கள். பிரிட்டனின் எம்.எஸ்சி. வழக்கமாக ஒரு வருடம், 180 கிரெடிட், கோடையில் ஆய்வேடு. டெல்ஃப்ட், ட்வென்டெ, ஐன்ட்ஹோவன் போன்ற நெதர்லாந்து பல்கலைக்கழகங்களின் கட்டுமான மேலாண்மை முதுநிலை இரண்டு வருடம், 120 ஐரோப்பிய கிரெடிட். கடைசிச் செமஸ்டரில் பலர் ஆய்வேட்டை ஒரு நிறுவனத்துக்குள் உட்கார்ந்தே எழுதுவார்கள். அமெரிக்காவில் சுமார் 30 கிரெடிட். ஆய்வேட்டோடு ஒரு தடம், ஆய்வேடு இல்லாமல் ஒரு தடம். ஒரு வருடப் படிப்பு வேகமானது, ஆனால் பெட்டியைப் பிரித்து வைத்த கையோடு வேலை தேட ஆரம்பிக்க வேண்டும். கோடைகால இன்டர்ன்ஷிப்புக்கு இடமே இல்லை. ஏற்கெனவே அனுபவம் உள்ளவருக்கு, திரும்பப் போக வேலை காத்திருப்பவருக்கு அது பொருந்தும். புது நாட்டில் வேலைக்குச் சேர நினைப்பவருக்கு, நடுவில் ஒரு கோடை கிடைக்கும் நீளமான படிப்பே நல்லது. இந்தத் தொழிலில் முதல் வேலை பெரும்பாலும் இன்டர்ன்ஷிப் செய்த இடத்திலிருந்துதான் வருகிறது.

நாடு பற்றிய கேள்வியை இங்கேதான் கேட்க வேண்டும். கணினித் துறை போலக் கட்டுமானம் எல்லை தாண்டாது. வடிவமைப்பு விதிகள், ஒப்பந்தப் படிவங்கள், தொழிலாளர் சட்டம், அனுமதிகள் எல்லாம் நாட்டுக்கு நாடு வேறு. எங்கே வேலை செய்யப்போகிறீர்களோ, அந்தச் சந்தைக்குள் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கு இயல்பாகவே ஒரு சாதகம் உண்டு. வளைகுடாவில் வேலை என்றால் ஃபிடிக்கும் பிரிட்டிஷ் பாணி க்வான்டிட்டி சர்வேயிங்கும் (வேலையின் அளவையும் செலவையும் கணக்கிடும் தொழில்) தெரிந்த படிப்பு நேராகப் பயன்படும். அமெரிக்காவில் இருக்கப்போகிறவர் அமெரிக்க ஒப்பந்தங்களைப் படிப்பதே மேல்.

உரிமம், அங்கீகாரம் இரண்டிலும் நிறையக் குழப்பம் இருக்கிறது. 1989-ல் உருவான வாஷிங்டன் ஒப்பந்தம் நாடுகளுக்கிடையே அங்கீகரிப்பது இளநிலைப் பொறியியல் பட்டத்தைத்தான். சிங்கப்பூர் 2006-லும், மலேசியா 2009-லும், இந்தியாவும் இலங்கையும் 2014-லும் முழு உறுப்பினர்களாயின. அந்தந்த நாட்டில் அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கு மட்டுமே அது பொருந்தும். உங்கள் இளநிலைப் படிப்பு அதில் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வராவிட்டால், வெளிநாட்டு முதுநிலை அந்தக் குறையைத் தானாகச் சரிசெய்துவிடாது. பிரிட்டனில் கட்டுமான மேலாண்மைப் படிப்புகளில் பல சி.ஐ.ஓ.பி. (கட்டுமான மேலாளர்களின் அமைப்பு), ஆர்.ஐ.சி.எஸ். (சர்வேயர்களின் அமைப்பு) அங்கீகாரம் பெற்றவை. கட்டுமான மேலாளராகவோ சர்வேயராகவோ சார்ட்டர்ட் என்ற தொழில்முறைத் தகுதி பெற அவை உதவும். சார்ட்டர்ட் இன்ஜினியர் ஆக வேண்டுமென்றால் தேட வேண்டியது வேறு அங்கீகாரம், ஜாயின்ட் போர்ட் ஆஃப் மாடரேட்டர்ஸ் தருவது. 'அங்கீகாரம் பெற்ற படிப்பு' என்று மட்டும் விளம்பரத்தில் இருந்தால், யாருடையது என்று கேளுங்கள். அமெரிக்காவில் இன்னொரு நுணுக்கம்: படிப்பு முடிந்தபின் கிடைக்கும் பன்னிரண்டு மாத வேலை அனுமதியை மேலும் இருபத்து நான்கு மாதம் நீட்டிக்க, படிப்பின் அரசு வகைப்பாட்டு எண் 'ஸ்டெம்' (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருக்க வேண்டும். கட்டுமானப் பொறியியல் அதில் இருக்கிறது; மேலாண்மை என்று பதிவான படிப்பு அப்படித்தான் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பெயரைப் பார்த்து ஊகிக்காமல், சேர்க்கை அலுவலகத்திடம் எண்ணை எழுத்தில் வாங்குங்கள். விசா விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை, விண்ணப்பிக்கும் நேரத்தில் அரசுத் தளத்தில் பார்ப்பதே உத்தமம்.

மொழியையும் மறக்க வேண்டாம். ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் ஆங்கிலத்தில் பட்டம் வாங்கிவிடலாம். ஆனால் சைட் கூட்டம், துணைக் கான்ட்ராக்டரோடு தகராறு, பாதுகாப்பு அறிவிப்பு எல்லாம் உள்ளூர் மொழியில்தான் நடக்கும். வகுப்பு தொடங்கும் நாளிலேயே மொழி வகுப்பும் தொடங்கத் தயாரென்றால் அந்த நாடுகள் நல்ல தேர்வு. இல்லையென்றால் மென்பொருள், ஆலோசனை என்று ஒரு குறுகிய சந்தைக்குள் நின்றுவிடுவீர்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக: ஆராய்ச்சி உதவியாளர் வேலை பெரும்பாலும் ஆய்வேட்டுத் தடத்தில் இருப்பவர்களுக்கும் முனைவர் பட்டத்துக்குப் போகிறவர்களுக்கும்தான். 'போனபிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று எண்ணிக் கடன் வாங்காதீர்கள். சேர்க்கைக் கடிதத்தில் எழுதியிருந்தால்தான் அது உதவித்தொகை.

இறுதிப் பட்டியல் நாலைந்தாகச் சுருங்கியபின், படித்து முடித்து இரண்டு மூன்று வருடம் ஆனவர்களை லிங்க்ட்இன்னில் தேடுங்கள். இப்போது படித்துக்கொண்டிருப்பவர்களைவிட அவர்கள் சொல்வது பயன்படும். படிக்கிறவர்கள் தங்கள் முடிவை நியாயப்படுத்தும் மனநிலையில் இருப்பார்கள். 'எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் 'நல்லாயிருக்கு' என்றுதான் பதில் வரும். குறிப்பாகக் கேளுங்கள்: ஆய்வேட்டுக்குத் தரவு எங்கே கிடைத்தது, வளாகத்துக்கு வந்த நிறுவனங்கள் உங்கள் நாட்டு மாணவர்களை எடுத்தார்களா, உங்களோடு படித்தவர்கள் இப்போது என்ன பதவியில் இருக்கிறார்கள், எந்தப் பாடம் அறிவித்தபடி நடக்கவில்லை. அவர்களுடைய இப்போதைய பதவிப் பெயர்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். பாதிப் பேர் நீங்கள் விரும்பும் நாற்காலிக்கு அருகில் இருந்தால் போதும்.

உங்கள் விஷயத்துக்கு வந்தால், இரண்டு வருட சைட் அனுபவம் நல்ல நேரம்தான். இப்போது இருக்கும் திட்டம் இன்னும் சில மாதத்தில் முடிந்து ஒப்படைக்கும் கட்டத்துக்கு வருகிறதென்றால், அதை இருந்து பார்த்துவிட்டுப் போங்கள். இறுதி பில், குறைப்பட்டியல், ஒப்படைப்பு இவற்றைப் பார்க்காமல் வகுப்பில் ஒப்பந்தப் பாடம் கேட்பவருக்குப் பாதிதான் புரியும். அதற்குள் நோக்க அறிக்கையையும் எழுதிவிடலாம். சின்ன வயதிலிருந்தே கட்டடங்கள் பிடிக்கும் என்று தொடங்காமல், நீங்கள் சைட்டில் பார்த்த ஒரு தாமதத்தை எடுத்து, அது ஏன் நடந்தது, எந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லை, அந்தத் துறையில் யார் அந்தக் கேள்வியில் வேலை செய்கிறார் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். நிறுவனத்தின் ரகசியத் தகவலை மட்டும் வெளியே விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், தேதிகள். பல இடங்களில் உதவித்தொகைக்கான கடைசித் தேதி சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு மாதங்கள் முன்னாலேயே முடிந்துவிடும், சிலவற்றுக்குச் சேர்க்கைக் கடிதம் கையில் இருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். பரிந்துரைக் கடிதம் தர வேண்டிய உங்கள் ப்ராஜெக்ட் மேனேஜரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். மாத பில் போகும் வாரத்தில் கேட்டால் கிடைக்காது.